நமது ஓடையின் உடல்நிலை

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இவ்வாண்டு எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், ஓர் ஓடையின் உடல்நிலையை அறிவது எவ்வாறு என்பது. மனிதனுக்கு உடல்நிலை உண்டு, மாட்டுக்கு உண்டு, தேயிலைச் செடிக்குங்கூட உண்டு. ஓடைக்கு ஏது உடல்நிலை என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஓடை என்றதும் நம் கண்முன் வருவது தண்ணீர் ஒன்றே. ஆனால் ஓடை என்பது தண்ணீர் மாத்திரம் அன்று. அடியிலுள்ள கல்லும் மணலும், கரையில் நிற்கும் மரமும், அம்மரத்திலிருந்து உதிரும் இலையும், அவ்விலையைத் தின்னும் புழுவும், அப்புழுவைத் தின்னும் மீனும் நண்டும் ஒன்றாகக் கூடி நடத்துகின்ற குடித்தனம் அது. ஒரு வீட்டிலே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் நோயாளி, யார் வீட்டைவிட்டு ஓடிப்போனார்கள் என்று விசாரித்தால் அந்த வீட்டின் நிலை தெரிந்துவிடும். ஓடையையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

பொல்பிட்டியவில் பிறந்து வளர்ந்த நாம் நமது ஊருக்குரிய ஒரு பெருமையை அடிக்கடி மறந்துவிடுகிறோம். சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் மஸ்கெலி ஓயாவும், காசல்ரீ, நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாக வரும் கெஹெல்கமு ஓயாவும் கைகோத்துக் களனி கங்கை என்ற பெயரைப் பெறுவது நமது ஊரருகேதான். அங்கிருந்து அது கித்துல்கலையைக் கடந்து கொழும்புக் கடலுக்குச் செல்கிறது. தலைநகரத்திலே குழாயைத் திறப்பவர் குடிக்கும் நீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. 1957ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற திரைப்படத்தில் சயாம் நாட்டு ஆறாக நடித்ததும் நமது களனிதான். நடிகர்களின் பெயர்ப் பட்டியலில் மட்டும் அதன் பெயர் இல்லை.

அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று உண்டு. இவ்விரண்டு ஓயாக்களும் இன்று தம் விருப்பப்படி ஓடுபவை அல்ல. டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே இம்மலைநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதிக் காட்டினார். அவருடைய கனவு 1950இல் பழைய லக்ஷபான நிலையமாகவும், 1965இல் அவர் பெயரையே தாங்கிய நோர்ட்டன் நிலையமாகவும், 1969இல் நமது பொல்பிட்டிய நிலையமாகவும், 1974இல் புதிய லக்ஷபான நிலையமாகவும் உருவாயிற்று. நம் வீட்டு விளக்கும் இந்நாட்டு ஆலைகளும் அதனால் பயன்பெற்றன என்பதை மறுக்கும் நன்றிகெட்டவர்கள் அல்லோம் நாம். ஆனாலும் நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். கெஹெல்கமு ஓயாவின் நீர் நோர்ட்டனில் சுரங்கத்திற்குள் புகுந்து மஸ்கெலி ஓயாப் பக்கம் திருப்பப்படுகிறது. பின் இரண்டு ஓயாக்களின் நீரும் லக்ஷபான குளத்தில் சேர்ந்து, மறுபடியும் சுரங்கத்திற்குள் நுழைந்து, பொல்பிட்டிய நிலையத்தில்தான் வெளிச்சத்தைக் காண்கிறது. அணைக்கட்டுக்கும் மின்நிலையத்திற்கும் இடையிலுள்ள ஆற்றுப்படுகையில் மழையில்லாத நாட்களில் இருப்பது கல்லும், ஆங்காங்கே தேங்கிய குட்டையுந்தான். நிலையத்துக்குக் கீழேயோ, மின்சாரத் தேவை ஏறும் மாலைப் பொழுதில் தண்ணீர் திடீரென்று பெருகும். தேவை குறைந்ததும் வடியும். நாளுக்கு ஒருமுறை வெள்ளமும் ஒருமுறை வறட்சியும் வரும் ஊரிலே எந்தக் குடும்பம் நிலைத்துக் குடியிருக்கும்? பெருக்கிலே அடித்துச் செல்லப்படாமலும் வடிவிலே காய்ந்துபோகாமலும் பிழைக்கத் தெரிந்த சில உயிர்களே அங்கே எஞ்சும்.

இதனாற்றான் எங்கள் கவனம் பெரிய ஆறுகளை விட்டுச் சின்ன ஓடைகளின் மேல் சென்றது. மலைச்சரிவுகளிலிருந்து தேயிலைக் காணிகளின் ஊடாக இறங்கி வந்து ஆற்றில் விழும் ஓடைகளை எந்த அணையும் தடுக்கவில்லை. ஆற்றிலிருந்து விரட்டப்பட்ட உயிர்கள் அடைக்கலம் புகுவதற்கு எஞ்சியுள்ள இடம் அவைதாம். ஆற்றுப்படுகைக்கு மீண்டும் ஒருநாள் நீர் விடப்படுமானால், அங்கே குடியேறப் போகும் உயிர்கள் இவ்வோடைகளிலிருந்தே இறங்கி வரவேண்டும். அணைகளின் சாவி நம் கையில் இல்லை. ஓடைகளோ நமது லயங்களுக்குப் பின்னாலும் நமது பீலிக்கரைகளின் அருகிலும் ஓடுகின்றன. அவற்றுக்கு நன்மை செய்தாலும் தீமை செய்தாலும் செய்பவர்கள் பெரும்பாலும் நாமும் நமது தோட்டங்களுமே.

நிற்க. ஓடையை எப்படிச் சோதிப்பது?

முதலில் கண்ணை நம்பக்கூடாது. தெளிந்த நீர் நல்ல நீர், கலங்கிய நீர் கெட்ட நீர் என்பது நம்மிடையே ஆழ வேரூன்றிய எண்ணம். ஒரு தோட்டத்தில், அதன் பெயர் வேண்டாம், மலசலகூடத்துக் குழி கசிந்து ஓடையில் கலக்கிறது என்று லயத்து மக்கள் முறையிட்டபோது, “தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே!” என்று கூறி அனுப்பிவிட்டார்களாம். மழைக்காலத் தொடக்கத்தில் அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. பளிங்குபோன்ற நீரிலே பூச்சிமருந்து கரைந்திருக்கலாம், கிருமி மிதக்கலாம். மாறாக, பெருமழைக்குப் பிறகு ஒருநாள் செந்நிறமாக ஓடும் ஓடை மறுவாரம் முன்போல் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது வழி இரசாயனப் பரிசோதனை. இதன் தலையாய அளவு நீரில் கரைந்துள்ள ஒட்சிசன். மீனும் பூச்சியும் மூச்சுவிடுவது அதைக் கொண்டுதான். கடல்மட்டத்தில் 20 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனை ஏந்தும்; 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் மட்டுமே ஏந்தும். நிழல்மரங்களை வெட்டி ஓடையை வெயிலில் காயவிட்டால் மீனின் மூச்சை நாம் பிடித்தவர்களாகிறோம் என்பதற்கு இக்கணக்கே சாட்சி. இந்த ஒட்சிசனை அளக்கும் முறையைப் புடாபெஸ்ட் நகரத்து விங்க்லர் என்பவர் 1888இல் கண்டுபிடித்தார். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மாணவர்கள் இன்றும் அவர் முறையைக் கற்கின்றனர். அழுக்கு நீரை ஒரு போத்தலில் 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் மூடிவைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனைத் தின்று தீர்த்தன என்று பார்ப்பது மற்றொரு சோதனை. அந்த ஐந்து நாள் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் கழிவுநீர் பற்றி ஆராய 1898இல் அமர்ந்த அரச ஆணைக்குழு, அந்நாட்டு ஆற்றுநீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்று கருதி இவ்வளவைத் தெரிந்தெடுத்ததாகக் கூறுவர். எந்த நாட்டு ஆற்றுக்கோ வகுத்த அளவு நமது மலையோடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. விஞ்ஞானத்திலும் இப்படிப் பழக்கத்தால் நிலைத்துவிட்ட சில சங்கதிகள் உண்டு.

இரசாயனப் பரிசோதனை அவசியமானதே. ஆனால் அதற்கு ஒரு குறையுண்டு. போத்தலில் நாம் பிடிப்பது அந்த ஒரு நிமிடத்து நீரை. நேற்று மாலை மருந்து டாங்கியைக் கழுவியவன் இன்று காலை அங்கே இல்லை. அந்த மருந்தும் இல்லை. அது கித்துல்கலையைத் தாண்டியிருக்கும். போதாக்குறைக்கு, நமது ஓடைகள் பாறைக்குப் பாறை குதித்து நுரைத்து வருபவை; குதிக்கும்போதெல்லாம் காற்றிலிருந்து ஒட்சிசனை அள்ளிக்கொள்கின்றன. ஆகவே அசுத்தம் கலந்த ஓடைகூட ஒட்சிசன் சோதனையில் நல்ல பிள்ளையாகத் தேறிவிடக்கூடும்.

ஆனால் கல்லுக்கடியில் குடியிருக்கும் பூச்சிகள் அப்படி ஓடிப்போக மாட்டா. அவற்றின் இளம்பருவம் நீரிலேயே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கழிகிறது. அந்த நாட்களில் ஓடைக்கு நேர்ந்த ஒவ்வொரு கெடுதலையும் அவை உடம்பால் அனுபவிக்கின்றன. தாங்கக்கூடியது தங்கும், தாங்காதது சாகும் அல்லது அடித்துச் செல்லப்படும். தோட்டத்திலே பேர் போடுகிற செக்ரோல் புத்தகத்தைப் போன்றவை இப்பூச்சிகள். ஒருநாள் மலையைச் சுற்றிப் பார்ப்பவருக்கு அன்று கொழுந்தெடுப்பவர்கள் மட்டுமே தெரிவர். மாதம் முழுவதும் யார் வந்தார், யார் நின்றார் என்பது செக்ரோலைப் பார்த்தால் தெரியும்.

இந்த உண்மையை முறையாக எழுதி வைத்தவர்கள் ஜெர்மனி நாட்டவரான கொல்க்விற்ஸ், மார்ஸன் என்னும் இருவர். அசுத்தத்தின் அளவுக்கேற்ப எந்தெந்தத் தாவரமும் பிராணியும் நீரில் வாழும் என்று 1908, 1909ஆம் ஆண்டுகளில் பட்டியல் வெளியிட்டனர். பின்னர் பிரித்தானியாவில் இதை எளிமையாக்கி, ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி வழங்கினர். தூய நீரில் மட்டும் வாழும் சில தட்டை உடல் ஒருநாட்பூச்சிகளுக்குப் பத்து. அழுக்கைப் பொருட்படுத்தாத இரத்தப்புழுவுக்கு இரண்டு. சேற்றுமண் புழுவுக்கு ஒன்று. ஓரிடத்தில் கிடைத்த குடும்பங்களின் புள்ளிகளைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த இடத்தின் மதிப்பு கிடைக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்.

மிஷனரிமார் நிறுவிய பாடசாலையில் படித்த எங்களுக்கு ஆங்கில நாட்டு ஓடையின் பூச்சிகளைப் படத்தில் பார்த்துப் பழக்கமுண்டு. வீட்டுப் பின்னால் ஓடும் ஓடையின் பூச்சிகளைப் பார்த்துப் பழக்கமில்லை! அந்த நாட்டு அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்து பிரயோகிக்க இயலாது என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்பே அறிந்தோம். உதாரணமாக, அங்கே உயர்ந்த புள்ளி பெறும் கல் ஈக்களின் வகைகள் இலங்கையில் மிகச் சில. அவற்றைக் காணவில்லை என்பதற்காக நமது ஓடையைப் பெயிலாக்குவது அநியாயம். தாய்லாந்து தேசத்தார் தம் ஓடைகளுக்கேற்ப அந்த அட்டவணையைத் திருத்தி அமைத்துக்கொண்டனர். இங்கேயும் அடித்தளம் இல்லாமற் போகவில்லை. 1970இல் வியன்னாப் பல்கலைக்கழகத்து ஸ்டார்மூல்னர் அவர்களும், களனியில் அந்நாளில் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் என்றிருந்த நிறுவனத்தின் பேராசிரியர் கொஸ்தா அவர்களும் கூடி, இந்நாட்டு மலையோடைகளில் வாழும் உயிர்களை ஆராய்ந்தனர். அந்த ஆஸ்திரிய இலங்கைக் குழு சேகரித்தவற்றைப் பற்றிய கட்டுரைகள் பின் பல ஆண்டுகள் வெளிவந்துகொண்டே இருந்தன. வியன்னாவிலிருந்து வந்து நம் ஓடையில் கல்லைப் புரட்டியிருக்கிறார்கள்; நாம் அதே கல்லின்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே சென்ற மாசி மாதத்தில், மழை ஓய்ந்து நீர் வற்றியிருந்த நாளொன்றில், மன்றத்து இளைஞர் நால்வர் புறப்பட்டோம். ஆய்வுகூடத்துக் கருவி எதுவும் பெரிதாக இல்லை. இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிய கொசுவலைத் துணி, வெள்ளை எனாமல் பேசின், தேயிலை வடி, வெப்பமானி, ஒரு கொப்பி, பென்சில். அவ்வளவே. முறையும் எளிது. ஒருவர் நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வலைக்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் கால்களால் அடிக்கல்லைக் கிளறவேண்டும். கிளறப்பட்ட பூச்சிகள் நீரோடு வலைக்குள் வரும். அவற்றைப் பேசினில் கவிழ்த்து, வகைவகையாகப் பிரித்து, எண்ணி எழுதி, மீண்டும் ஓடையிலேயே விட்டுவிடவேண்டும். நீரோட்டத்தின் வேகத்தை அளக்க ஓர் எலுமிச்சங்காயே போதும்: பத்து மீற்றர் நீளத்தை அது எத்தனை செக்கனில் மிதந்து கடக்கிறதென்று பார்த்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும். அடிநீர் சற்றே மெதுவாகச் செல்வதால் அதில் நூற்றுக்கு 85 பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். வழியில் கண்ட அம்மா ஒருவர், “தம்பிமாரே, எலுமிச்சங்காயை ஆத்துல விட்டு யாருக்குக் கழிப்புக் கழிக்கிறீங்க?” என்று கேட்டார்.

முதல் இடம், தேயிலை தொடங்குவதற்கு மேலே, காட்டுத் துண்டு ஒன்றின் நிழலில். பேசினைக் கவிழ்த்ததும் அதிலே ஓர் ஊர் அசைந்தது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும் தட்டையான ஒருநாட்பூச்சிக் குஞ்சுகள், பின்னால் மூன்று வால்நூல்களுடன். மணலையும் சிறு கல்லையும் பசைபோட்டு ஒட்டி வீடு கட்டி, அந்த வீட்டையும் இழுத்துக்கொண்டு நடக்கும் புழுக்கள். இவற்றைக் கடிஸ் புழு என்பார்கள். செப்புச் சதக் காசைப்போல் வட்டமாகக் கல்லில் ஒட்டியிருந்த வண்டுக் குஞ்சு. தும்பியின் நீர்வாழ் பருவம். கல்லிடுக்கில் ஒரு நண்டு, எங்கள் விரலைக் கண்டு கொடுக்கை உயர்த்திற்று. இந்தத் தீவில் நன்னீர் நண்டுகள் ஐம்பது இனங்களுக்கு மேல் உண்டு. ஏறக்குறைய அத்தனையும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. நாம் காலால் தட்டிவிட்டுப் போகும் ஓடை நண்டு இந்த மண்ணை விட்டால் வேறு நாடற்றது. நாடற்றவர் என்ற சொல்லின் பொருளை நமது பெரியோர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் இடம் தேயிலை மலையின் நடுவே. கரையோரம்வரை செடி, மரமில்லை. கவ்வாத்து முடிந்த மலையாதலால் மண் வெறுமையாய்க் கிடந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் கல்லைப் புரட்டினால் அதன் அடிப்பக்கம் முழுவதும் மென்மையான சேறு. கடந்த மழைகளில் மலையிலிருந்து கழுவி வந்த மண், கல்லிடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டது. பூச்சிக்குக் கல்லிடுக்குத்தான் லய அறை. அறைக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டு, ஆள் குடியிருக்கவில்லையே என்று கேட்பதில் பொருளில்லை. தட்டைப் பூச்சிகளையும் நண்டையும் அங்கே காணோம். சேற்றுக்குப் பழகிய சில வகைகளே இருந்தன. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவு மழை கொட்டும் நமது பகுதியில் இந்த மண் அரிப்பு சிறிய விஷயம் அன்று. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென்று சட்டம் இயற்றப்பட்டது. கான்களை இடையிடையே தடுத்து, மண்ணைத் தங்கவைத்து நீரை மட்டும் வழியவிடும் வேலையை நம் பாட்டன்மார் கைகளாலேயே செய்தனர். இன்று பல மலைகளில் அந்தக் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கான் வெட்டுக்கு ஆள் போடாத தோட்டத்தின் செலவு மிச்சம், ஓடையின் அடியில் சேறாகப் படிந்திருக்கிறது.

மூன்றாம் இடம் லயங்களுக்குக் கீழே, பாலத்தருகே. இங்கே பேசினில் விழுந்தவற்றைப் பிரிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. இரண்டு வகைதான். ஒன்று நெளிகின்ற இரத்தப்புழு. நமது இரத்தத்திலுள்ளதைப் போன்ற செம்பொருள் அதன் உடலிலும் இருப்பதால், மற்றவை மூச்சுத் திணறும் நீரிலும் அது பிழைத்துக்கொள்ளும். மற்றொன்று மெல்லிய மண்புழு. கற்களின்மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி படர்ந்ததுபோல் ஒரு படலம். மலசலமும் சமையற்கழிவும் சேரும் நீரில் வளர்வது அது. கரையில் ஷம்பூப் பக்கற்றுகளும், சவர்க்கார உறைகளும், பிள்ளைகளின் நாப்கின்களும். முதல் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு நடந்து இறங்க அரை மணி நேரமும் ஆகவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பூச்சிகள் இருப்பதால் நீர் குடிக்கத் தகுந்ததென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஓடை உயிர்களுக்கு நல்ல நீர் வேறு, மனிதன் குடிக்கத்தக்க நீர் வேறு. 2019இல் வர்த்தமானியில் வெளியான நீர்நிலைத் தர அளவுகளும் குடிப்பதற்கு ஒன்று, குளிப்பதற்கு ஒன்று, மீன் வாழ்வதற்கு ஒன்று என்று வெவ்வேறாகவே வகுக்கப்பட்டுள்ளன. காட்டு நிழலில் நாங்கள் கண்ட முதல் இடத்து நீரிலும் ஏதேனும் ஒரு விலங்கின் மலத்தால் கிருமி கலந்திருக்கலாம். அதை ஒருநாட்பூச்சி நமக்குச் சொல்லாது. அதற்குக் கிருமிப் பரிசோதனை வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். பீலியிலிருந்து வந்தாலும் ஓடையிலிருந்து வந்தாலும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்பதைத் தாய்மார்கள் மறக்கலாகாது. பூச்சிகள் சொல்வது வேறு: இந்த ஓடை தன் அழுக்கைத் தானே சீரணிக்கும் வலுவோடு இருக்கிறதா, இல்லையா என்பதை. இலையையும் அழுக்கையும் தின்று தீர்க்கும் கூட்டம் செத்துப்போனால், மேலே நாம் போட்டது அத்தனையும் அப்படியே கீழே இருப்பவர் வாசலுக்குப் போகும்.

2015 ஆகஸ்டில் கொழும்புக்கருகே ஒரு பானத் தொழிற்சாலையிலிருந்து டீசல் எண்ணெய் களனி கங்கையில் கசிந்தபோது, அம்பத்தலையில் நீர் எடுப்பதை நிறுத்தினார்கள். நாடு முழுவதும் பேசிற்று. அது பேசப்பட வேண்டியதுதான். அதே ஆற்றின் தலைப்பில் நமது ஓடை ஒன்று சிறுகச் சிறுக மௌனமாகச் சாகும்போது யாரும் பேசுவதில்லை. காரணம், சாவு நடந்ததற்கு நம்மிடம் எழுதி வைத்த கணக்கு இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. தேயிலைக்கு அதனால் நேர்ந்த கஷ்டத்தைக் கொழுந்தெடுத்த கைகள் அறியும். ஓடைக்கு அந்த மாதங்களில் நன்மை நேர்ந்ததா? அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடத்துப் பூச்சிக் கணக்கு நமது மன்றத்து அலுமாரியில் இருந்திருந்தால், இன்று நாம் எழுந்து நின்று விடை சொல்லியிருப்போம்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்குக் கணக்கு இல்லாத காலத்துக்கு நீங்களே கணக்கு. மவுசாகலை அணை 1969இல் எழுந்து பழைய மஸ்கெலியா நகரம் கோயிலோடு நீருக்குள் போனதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வறட்சியில் அந்தக் கோயில் வெளியே தலைகாட்டும்போது போய்ப் பார்த்து வருகிறோம். ஆனால் அந்த நாளில் ஆற்றிலே என்ன மீன் இருந்தது, விலாங்கு எவ்வளவு தூரம் ஏறி வந்தது என்று ஒருவரும் உங்களைக் கேட்டதில்லை. விலாங்கு கடலிலே முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் ஆறு வழியே மலைக்கு ஏறி வருவது. வழியில் அணை எழுந்தால் ஏறுவது எங்ஙனம்? எந்த ஓடையில் எந்த ஆண்டு வரையில் விலாங்கு பிடித்தீர்கள் என்ற உங்கள் நினைவை எங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ள வருவோம், சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பருவகாலத்தில் நாமெல்லாம் சிவனொளிபாதமலைக்குப் போகிறோம். சீத கங்குல ஓடையின் குளிர்ந்த நீரில் முழுகிய பின்பே மலையேறுவது வழக்கம். அந்தத் தீர்த்தத்தின் கரையில் கழற்றி எறிந்த துணியும் பொலித்தீன் பையும் கிடப்பதைக் காணாதவர் யார்? மேலே போகும்போது புனிதமான தண்ணீர், லயத்துக்குப் பின்னால் வந்ததும் சாக்கடையாகிவிடுகிறது. இரண்டும் ஒரே மலையின் நீர்.

செய்யவேண்டியவற்றுள் பலவும் பணம் அதிகம் கேட்பவை அல்ல. ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்துக்குச் செடியையும் புல்லையும் மரத்தையும் அதன் போக்கில் வளரவிடுவது. மருந்து டாங்கியை ஓடையில் கழுவாமல், கழுவிய நீரை மருந்தடித்த மலையிலேயே தெளித்துவிடுவது. பீலிக்கரைச் சவர்க்கார நீரை நேரே ஓடைக்கு விடாமல் ஒரு வாழைப் பாத்திக்குத் திருப்புவது. மலசலகூடக் குழிகளும் கான் வெட்டும் மட்டும் நிர்வாகத்தின் கையில் உள்ளவை. அவற்றுக்காகப் போகும்போது வாய்ப்பேச்சாகப் போனால் “தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறதே” என்ற பதில்தான் மீண்டும் கிடைக்கும். மேலிடத்தில் இத்தனை வகை, கீழிடத்தில் இத்தனை வகை, இன்ன தேதியில் எண்ணினோம், நீங்களும் வந்து எண்ணிப் பாருங்கள் என்று கொப்பியோடு போனால் அந்தப் பதிலைச் சொல்வது கடினம். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் நீரை மாசுபடுத்துவோருக்கும் பொருந்தும்; ஆனால் சட்டத்தின் வாசலுக்குப் போகிறவன் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

எங்கள் கொப்பியில் இதுவரை ஒருநாள் கணக்கே இருக்கிறது. ஒருநாள் கணக்கைக் கொண்டு எவரையும் குற்றம் சாட்ட முடியாது; அப்படிச் சாட்டுவது எங்கள் நோக்கமும் அன்று. வறட்சியில் ஒருமுறை, வைகாசி மழை தொடங்கி வெள்ளம் வடிந்தபின் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை என வருடத்துக்கு மூன்று தடவை, அதே மூன்று இடங்களில், அதே மூன்று நிமிடம் கிளறி எண்ணவேண்டும். எண்ணுபவர் மாறலாம், இடமும் முறையும் மாறக்கூடாது. அடுத்த எண்ணிக்கை வைகாசிப் பெருக்கு வடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு, மன்ற மண்டபத்திலிருந்து புறப்படும். வலை எங்களிடம் இருக்கிறது. வெள்ளைப் பேசின் இன்னும் இரண்டு வேண்டும். வழுக்காத செருப்போடு வாருங்கள். அட்டைக்குப் பூசச் சவர்க்காரமும் உப்பும் மன்றத்துச் செலவில் தரப்படும் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.